டம்மி பேஷன்ட் சங்கரபாகம்

மே 4, திங்கள்

ஆபீசில் இத்தனை வருடம் ஃபைல் தூக்கியவனை இன்றைக்கு நடிகனாக்கிவிட்டார்கள்.

நான் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் உதவியாளர். காலையில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. படிப்பும் பதிவும் இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருக்கிற போலி டாக்டர்களை இந்த மாதத்துக்குள் பிடித்து, கடைக்குச் சீல் வைத்து, கேஸ் போட வேண்டுமாம். மேலே ‘மிக மிக அவசரம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு. எங்களுக்கு வருகிற எல்லாத் தபாலிலும் அது இருக்கும் என்பதால் ஒருவரும் அசையவில்லை. மத்தியானம் சென்னையிலிருந்தே போன் வந்த பிறகுதான் எல்லோரும் எழுந்து ஓடினார்கள்.

இணை இயக்குநர் டாக்டர் ஜெபக்கனி மேடம் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். போலி டாக்டரிடம் நோயாளி மாதிரிப் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். அவன் ஊசியை எடுக்கிற சமயத்தில் சாடை காட்டினால், வெளியே நிற்கிற மேடமும் போலீசும் உள்ளே நுழைந்து கையும் களவுமாகப் பிடிப்பார்கள். உள்ளே போகிறவனுக்கு டம்மி பேஷன்ட் என்று பெயர். மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றுவிட்டார்.

“சங்கரபாகம், நீங்க போங்க. உங்களைப் பாத்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது.”

பெருமையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தால், இது பெருமைப்படுகிற விஷயம்தானா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பிரமுவிடம் சொன்னேன். பிரமு என் மனைவி. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“நீங்க நடிக்கவே வேண்டாம். சும்மா போய் உக்காந்தாலே போதும். மூணு மாசமாச் சொல்லுதேன், ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாருங்கன்னு. குடம் குடமாத் தண்ணி குடிக்கிய. ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிய. சட்டை கொக்கியில தொங்குத மாதிரி இருக்கு. உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான ஆரம்பிச்சுது?”

அப்பாவுக்குச் சர்க்கரை. கடைசியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்பா தினமும் அல்வா சாப்பிட்டவர். நான் அல்வாவைத் தொடுவதே கிடையாது. பால்கோவா மட்டும்தான். இந்த வித்தியாசத்தைச் சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை.

ரெய்டெல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஊசி என்றால் பயம் என்று அவள் வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. பயமெல்லாம் இல்லை. பிடிக்காது, அவ்வளவுதான்.

மே 5, செவ்வாய்

கண்ணாடி முன்னால் நின்று வயிற்றுவலிக்குப் பயிற்சி எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓமத்தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். அப்படியென்றால் நன்றாக வருகிறது. ஓமத்தண்ணீரையும் குடித்துவிட்டேன்.

மே 6, புதன்

முதல் ரெய்டு. நாசமாய்ப் போயிற்று.

செம்பருத்திக்குளத்தில் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே தங்கராஜா என்று ஒருத்தர் இருக்கிறார். மருந்துக்கடையில் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தவர், இப்போது டாக்டர். ஏற்பாடு இதுதான்: என் சட்டைப்பையில் போன் லைனிலேயே இருக்கும், மேடம் வெளியே கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஊசியில் மருந்தை இழுத்ததும் “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் சாடை. ரொம்ப இயல்பான வாக்கியம் என்று மேடமே தேர்ந்தெடுத்தது.

உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். தங்கராஜா வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். வெளியே மே மாத வெயில். பட்டறை அனல் வேறு. எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது.

“என்ன செய்யுது அண்ணாச்சி?” என்றார்.

“வயித்து வலி. கொஞ்சம் தண்ணி குடுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு மேடம், சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ், எங்கள் டிரைவர் அருளப்பன் எல்லோரும் வந்துவிட்டார்கள். தங்கராஜாவின் ஒரு கையில் வேர்க்கடலை, இன்னொரு கையில் எனக்காக எடுத்த டம்ளர்.

“நான் டாக்டர்னு யாரு சொன்னா?” என்று அவர் சாவதானமாகக் கேட்டார். “இவிய தண்ணி கேட்டாவ. குடுக்கப் போனேன். தண்ணி குடுக்கதுக்கும் கவர்மென்ட்ல பதியணுமா?”

அலமாரியில் இருந்த ஊசிகளும் மருந்துகளும் வெல்டிங்காரருடையவை என்றார். வெல்டிங்காரரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆமாம் என்றார். எதற்கு என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, “எண்ணெய் விடதுக்கு” என்றார். அப்புறம் மேடத்துக்கும் தங்கராஜாவுக்கும் சட்டம் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அது முடிவதற்குள் மூலையில் இருந்த பானைத் தண்ணீரை நான் முக்கால்வாசி குடித்துவிட்டேன். நல்ல தண்ணீர்.

மே 7, வியாழன்

மேடத்திடம் நல்ல திட்டு. தங்கராஜா இன்று காலையில் வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டாராம்: ‘இங்கே குடிதண்ணீர் மட்டும் வழங்கப்படும்.’ தண்ணீர் குடிக்க இருமிக்கொண்டே ஒரு பெரிய வரிசை நிற்கிறதாம். அருளப்பன் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். மேடம் சிரிக்கவில்லை.

“ஊசி உடம்புக்குள்ள போயிருந்தாத்தான் கேஸ் நிக்கும், சங்கரபாகம். இனிமே குத்துன பிறகுதான் நாங்க உள்ள வருவோம்.”

யார் உடம்புக்குள் என்று மேடம் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மே 9, சனி

லீவு. ரேஷன் கடைக்குப் போனேன். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன். போன தீபாவளிக்கு எடுத்த பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. தொப்பைக்காக நான் எந்த முயற்சியும் எடுக்காமலே இது நடந்திருக்கிறது. பிரமுவிடம் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷமே இல்லை.

கழிப்பறையில் எறும்பு மொய்க்கிறது. வீட்டுக்காரரிடம் மருந்து அடிக்கச் சொல்ல வேண்டும்.

இடது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. இரண்டு மாதம் ஆகப்போகிறது. இப்போது வருகிற செருப்பெல்லாம் அப்படித்தான். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று பிரமு கேட்டாள். குளிருகிறது என்றேன். மே மாதம் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

மே 11, திங்கள்

இரண்டாவது ரெய்டு. வெற்றி.

காக்கையன்பட்டியில் ஒரு பலசரக்குக் கடை. முன்னால் புளி, பருப்பு. திரைக்குப் பின்னால் நர்சக்கா. அவர் எங்கேயும் நர்சாக இருந்தது கிடையாது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்றவர். சாடை இந்தத் தடவை, ஊசி குத்தியதும் நான் “அம்மா” என்று கத்துவது. இதற்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

செல்போன் விளக்கை என் கண்ணில் அடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். “எய்யா, என்ன இப்பிடிக் காஞ்சு கெடக்கு. சூடுய்யா, வேற ஒண்ணுமில்ல. ஒரு கலர் ஊசி போட்டா இறங்கிரும்” என்றார். எவ்வளவு அன்பான பேச்சு தெரியுமா? என் சித்திகூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். குத்தினார். திட்டமிட்டதைவிட பலமாகக் கத்திவிட்டேன்.

யாரும் வரவில்லை.

அருளப்பன் ஜீப்பைக் கொண்டுபோய் ஒரு சுவருக்கும் வைக்கோல் லாரிக்கும் நடுவில் ஒட்டி நிறுத்தியிருக்கிறான். லாரி நகர்ந்தால்தான் ஜீப் கதவைத் திறக்க முடியும். எல்லோரும் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்திருக்கிறார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்? இன்னொரு தடவை “அம்மா” என்றேன். “வலி இருக்கோ? அப்ப இந்தப் பக்கமும் ஒண்ணு போட்டாத்தான் சமமா இறங்கும்” என்று நர்சக்கா அடுத்த பக்கமும் குத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

மேடம் காலி மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“ஸ்டீராய்டு. இதையா ரெண்டு பக்கமும் போட்டா?” என்றார். “உங்களுக்குச் சுகர் ஒண்ணும் இல்லையே, சங்கரபாகம்? இது சுகர ஏத்திரும்.”

“இல்லை மேடம்.”

“எப்பப் பாத்திய?”

“போன வருசம்.”

போன வருடம் என் மைத்துனர் பரிசோதனைக்குப் போனார். நான் கூடப் போயிருந்தேன். அவருக்கு நார்மல். அதைத்தான் சொன்னேன். கிட்டத்தட்டப் பார்த்த மாதிரிதானே.

மே 12, செவ்வாய்

என்ன ஒரு தெம்பு! காலையில் எட்டு தோசை சாப்பிட்டேன். ஸ்டாப் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் பஸ் பிடித்தேன். ஊசி போட்டுக்கொள்ள ஏன் கூட்டம் போகிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. இதை மேடத்திடம் சொல்ல முடியாது.

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. மேடம், நர்சக்கா, போலீஸ் எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள். நான் முதுகு மட்டும். அது என் முதுகுதான் என்று பிரமு உறுதியாகச் சொன்னாள்.

டீக்கடை முத்தையா எனக்கு டீயை டொக்கென்று வைத்தார். “அந்தக் கெழவியப் பிடிச்சுக் குடுத்துட்டியளா? எங்க ஆத்தாவுக்கு நடுச்சாமத்துல வந்து ஊசி போட்டது அவதான். உங்க ஆஸ்பத்திரியில ஒரு நாள் போய் நின்னு பாருங்க, தெரியும்.” அவருடைய ஆத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இறந்து மூன்று வருடம் ஆகிறது என்றார். டீயில் இன்னும் ஒரு கரண்டி சீனி போடச் சொன்னேன்.

மே 13, புதன்

தெம்பு போய்விட்டது. தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

மே 14, வியாழன்

சாக்ஸோடு தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. காலையில் கண் விழித்தால் பிரமு என் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். சாக்ஸ் அவள் கையில் இருக்கிறது.

அவள் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரம் கறுத்திருந்தது. அமுக்கினாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நல்ல விஷயம்தானே என்று நினைத்துச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அழ ஆரம்பித்தாள்.

“மாமாவுக்கு நான்தான் கட்டு மாத்துனேன். நீங்க அந்த ரூம்புக்குள்ளயே வர மாட்டிய. எனக்குத் தெரியும் அது எப்பிடி இருக்கும்னு. இன்னொரு தடவை என்னால முடியாது, சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை ரெய்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகப் போவோம் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை லேப் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். எழுந்து போய் இட்லிக்கு மாவு கரைத்தாள்.

மே 15, வெள்ளி

சனிக்கிழமைதான் பெரிய மீன். ‘டாக்டர்’ ஆவுடையப்பன், மணல்விளை. அவருடைய எல்லா வைத்தியமும் ஒன்றே ஒன்றுதான்: குளுக்கோஸ். காய்ச்சலா, குளுக்கோஸ். மூட்டுவலியா, குளுக்கோஸ். மாமியாரோடு சண்டை போட்டு மனசு சரியில்லையா, அதற்கும் ஒரு பாட்டில். ஜன்னல் கம்பி, துணிக்கொடி, கருப்பட்டி காயப்போடுகிற பரண் என்று எங்கே பார்த்தாலும் பாட்டில் தொங்குமாம்.

நர்சக்கா கைதான பிறகு ஆவுடையப்பன் உஷாராகிவிட்டார். உள்ளே வருகிறவர்களின் போனை வாசலிலேயே ஒரு சட்டியில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கத்தினாலும் பிரயோசனம் இல்லை, ரேடியோ சத்தமாக ஓடுகிறதாம். அதனால் இன்று ஆபீசில் எல்லோரும் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துச் சாடையை மாற்றினோம். ஊசி உள்ளே போன உடனே நான் எழுந்து ஜன்னலுக்கு வந்து, சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும். எதிரே டீக்கடையில் மேடம் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதில் எந்தக் குறையும் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு டாக்டர், ஒரு மருந்து ஆய்வாளர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், நான்.

மே 16, சனி

காலை. கிளம்புகிறோம். சிவப்புத் துண்டு எடுத்தாயிற்று. நோட்டில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. முதல் காட்சிக்கு முன்னால் நடிகர்களுக்கு இப்படி இருக்குமாம்.

மே 19, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். இன்றுதான் பேனா பிடிக்க விட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

ஆவுடையப்பன் பார்ப்பதற்கு லட்சணமான மனிதர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. என் முகத்தைப் பார்த்ததும், “தம்பிக்குச் சத்தே இல்லையே” என்று தோளில் கை வைத்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆச்சி பாட்டிலோடு படுத்திருந்தார். சுவரில் ஆணி அடித்து வரிசையாகப் பாட்டில்கள். பார்ப்பதற்கு ஏதோ காய்கறித் தோட்டம் மாதிரி இருந்தது. எனக்கு ஏற்கனவே தலை கிறுகிறுத்தது. படுக்கச் சொன்னார், படுத்தேன். கையில் ரப்பர் குழாயைக் கட்டினார், கண்ணை மூடிக்கொண்டேன். ஊசி ஏறிவிட்டது. கேஸ் நிற்கும்.

சரி, எழுந்து ஜன்னலுக்குப் போகலாம் என்று பார்த்தால் கையில் ஊசி, ஊசியில் குழாய், குழாய் மேலே பாட்டிலில், பாட்டில் ஆணியில். என்னால் நகர முடியாது.

ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு அறை நீளம். படுத்தபடியே துண்டால் முகத்தைத் துடைத்தேன். யார் பார்ப்பார்கள்? துண்டைத் தூக்கி ஆட்டினேன். “ஈ மொய்க்கோ?” என்று ஆச்சி கேட்டார். வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, பாட்டிலை ஜன்னல் கம்பிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஜன்னலோர இடம் பெரியாட்களுக்கு மட்டும் என்றாள். பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது. எனக்கு நாக்கு வறண்டு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆவுடையப்பன் வந்து கண்ணை இழுத்துப் பார்த்து, “இன்னும் சோர்வாத்தான் இருக்கு. இன்னொண்ணு ஏத்திருவோம்” என்றார்.

எதிரே டீக்கடையில் மேடம் நான்கு டீ குடித்தாராம். சங்கரபாகம் நிதானமான ஆள், சரியான நேரத்தில் வருவார் என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது எனக்கு வயிறு புரட்டி, மூச்சு இரைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலோடு சேர்த்து ஆணி, பாட்டில், பக்கத்துப் பாட்டில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு நான் கீழே விழுந்தேன். ஆச்சி போட்ட கூச்சல் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கிறது. அதுதான் சாடை என்று நினைத்து எல்லோரும் ஓடி வந்தார்கள். இதுவரைக்கும் எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. மீதி அருளப்பன் சொன்னது.

ஆவுடையப்பனைப் பிடித்துவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “பிரமாதம் அண்ணாச்சி, எந்திரிங்க, முடிஞ்சுட்டு” என்றாராம். நான் எழவில்லை. அருளப்பன் கைதட்டினானாம். “இன்னும் நடிக்காரு பாருங்க, வாயில நுரை வேற” என்று சொன்னானாம். இதைச் சொல்லும்போது அவன் அழுதான். எனக்கு அவனைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

மேடம் மட்டும் குனிந்து என் முகத்துக்கு அருகே மூக்கை வைத்துப் பார்த்தாராம். அழுகிய பழ வாடை. சர்க்கரை முற்றினால் மூச்சில் அந்த வாடை வருமாம். உடனே குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என்னைத் தூக்கி ஜீப்பில் போடச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தால் மெஷின் எண்ணே காட்டவில்லையாம். அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. அவ்வளவு சர்க்கரையை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எட்டு தோசை சாப்பிட்டு பஸ்ஸைத் துரத்தியதை இங்கிருக்கிற சின்ன டாக்டர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சாயங்காலம் மேடம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நானும் டாக்டருக்குத்தான் படிச்சேன்,” என்றார். “ரெண்டு வாரமா ஒரே ஜீப்புல போறோம். நீங்க தண்ணி குடிக்கதப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். உங்களைப் பாத்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வராதுன்னு வேற சொன்னேன்.”

எனக்கு என்னவோ போல இருந்தது. மைத்துனர் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார்.

மே 21, வியாழன்

பிரமு வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டு வந்தாள். என்னோடு பேசுவதில்லை. நர்சோடு பேசுகிறாள், பக்கத்துக் கட்டில்காரரோடு பேசுகிறாள், என்னிடம் மட்டும் டிபன் பாக்ஸை நீட்டுகிறாள்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் பாப்போம்” என்றார். எதைப் பார்க்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. பிரமு கேட்டாள். வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். திரும்பி வந்தவள் போர்வையை இழுத்து என் இரண்டு காலையும் நன்றாக மூடிவிட்டாள்.

அன்றைக்கு அப்பாவின் அறைக்குள் நான் போயிருக்க வேண்டும். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மே 23, சனி

விரல் இருக்கும்.

நகத்தையும் கொஞ்சம் சதையையும் எடுத்தார்களாம், விரலை எடுக்கவில்லை. டாக்டர் சொன்னதும் பிரமு, வார்டு என்றுகூடப் பார்க்காமல் என் கன்னத்தில் ஓர் அறை வைத்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பால்கோவா வாங்கித் தின்னிய, கொன்னே போட்டுருவேன்” என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்தேன். ஆவுடையப்பனிடம் படுத்திருந்த ஆச்சியும் பெண்கள் வார்டில்தான் இருக்கிறாராம். பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றியதில் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. பிழைத்துவிடுவார் என்கிறார்கள். எங்களைச் சபித்துக்கொண்டே இருக்கிறாராம், நல்ல டாக்டரைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்று.

ஜூன் 9, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகப் பார்க்கிறார்கள். இன்று முதல் தடவை பிரமுவோடு போனேன். வரிசை மாட்டுச்சந்தை மாதிரி இருந்தது. அவளை இடம் பிடித்து உட்காரச் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுக்கப் போனேன். கண்ணை மூடவில்லை. மூடினால் எந்தப் பக்கம் குத்துகிறார்கள் என்று தெரிவதில்லை, அது இன்னும் மோசம்.

திரும்பி வந்தால் பிரமு ஒருவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வெள்ளை வேட்டி. திருநீறு.

“இங்க வாங்க,” என்று என்னைக் கூப்பிட்டாள். “இவிய பத்து வருசமா இங்கதான் காட்டுதாவளாம். எவ்வளவு விவரமாச் சொல்லுதாவ தெரியுமா? காலுக்கு என்ன எண்ணெய் தடவணும், அரிசிய எப்பிடி வடிக்கணும் எல்லாம் சொல்லுதாவ. டாக்டரெல்லாம் ஒரு வார்த்தை பேசுதாவளா? இவியளுக்கும் சுகர்தான்.”

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தார். எழுந்து போகலாமா என்று நினைத்திருப்பார். வரிசையில் அடுத்த ஆளே அவர்தான், விட்டுவிட்டுப் போக மனசில்லை. ஜாமீனில் வந்தவருக்கும் சர்க்கரை சர்க்கரைதானே.

“தம்பிக்கு இப்ப எப்பிடி இருக்கு?” என்றார்.

“தெரிஞ்சவங்களா?” என்றாள் பிரமு.

“டாக்டர் ஆவுடையப்பன்,” என்றேன். “மணல்விளை.”

பிரமு முகத்தில் இருந்த சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். வரிசையில் பக்கத்தில் நின்றவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அவள் கத்தவில்லை. அவர் மடியில் இருந்த மாத்திரைப் பையைப் பார்த்தாள், அவருடைய காலைப் பார்த்தாள். நல்ல கால்கள், நகம் எல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தது.

“உங்க சுகருக்கு மட்டும் இங்க வரத் தெரியுது,” என்றாள். “வீட்டுல ஆணி நெறய பாட்டிலு தொங்குதுல்லா? ஒண்ண எடுத்து நீங்க ஏத்திக்கிட வேண்டியதுதான?”

“அது எப்பிடித் தாயி?” என்றார் ஆவுடையப்பன். கோபமே இல்லை அவருக்கு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “எனக்கு நானே வைத்தியம் பாத்துக்கிட நான் என்ன கிறுக்கனா?”

வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிரமுவுக்கு வரவில்லை. அவள் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. என் விரல் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஆவுடையப்பனுடைய முறை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பிரமு என் தோளைப் பிடித்து அவருக்கு முன்னால் என்னைக் கதவுக்குள் தள்ளிவிட்டாள். அவர் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.